ஜார் வந்தது, ஜாவாடாக் வரவில்லை

பலர் சேர்ந்து எழுதும் ஒரு ப்ராஜெக்டில் லைப்ரரி (பிறர் எழுதித் தந்த ஆயத்தக் கோட்) காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும். எடிட்டர் சிவப்புக் கோடு போடும், பில்ட் நின்றுவிடும், வாட்ஸாப் குழுவில் மளமளவென்று மெசேஜ் வரும், யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். அதே லைப்ரரியின் ஆவணம் காணாமல் போனால் எதுவுமே நடக்காது. கோட் ஓடும், டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், ஒரு மெத்தட் மேல் மவுஸை வைக்கும்போது மட்டும் வெறும் பெயரும், அடைப்புக்குறிக்குள் ஆர்க்0, ஆர்க்1 என்று அர்த்தமில்லாத பெயர்களும் வரும். புதிதாகச் சேர்ந்தவர் இது இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு கூகுளில் தேடப் போய்விடுவார். எனக்கு இதில் ஆதங்கமே அதுதான். ஆவணம் யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குத்தான் கிடைக்காமல் போகிறது. லைப்ரரியை முதலில் சேர்த்தவர் மெஷினில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அவருக்கோ அதை எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

காரணம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். ஆவணத்துக்கான இணைப்பு யாரோ ஒருவருடைய கணினியின் முழுப் பாதையாக ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது ஒரு நகரத்தார் கோயிலுக்கான புள்ளிக் கணக்கு மென்பொருள். செட்டிநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, ஒன்பது நகரக் கோயில்களில் அவரவர் எந்தக் கோயிலோ அந்தக் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவார்கள். புள்ளிகள் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மட்டுமா இருக்கிறார்கள், சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கா என்று பரந்து கிடக்கிறார்கள். எழுதுகிற நாங்களும் அப்படித்தான். நான் காரைக்குடியில், விண்டோஸில். சிங்கப்பூரில் ஒரு அண்ணன், அவரிடம் மேக். தேவகோட்டையில் ஒரு கல்லூரித் தம்பி, பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டு வைத்திருக்கிறான். எல்லோரும் சேவையாகச் செய்கிற வேலை, ஆளுக்குக் கிடைக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. மொழி ஜாவா. வரவு விவரம் எல்லாம் எக்செல் ஃபைலாகவே வருவதால் அதைப் படிக்க அப்பாச்சி பிஓஐ, ரசீது அச்சடிக்க பிடிஎஃப்பாக்ஸ், இப்படி நாலைந்து லைப்ரரி. ஜாவா லைப்ரரி ஜார் என்ற கட்டு ஃபைலாக வரும், அதன் ஆவணத்துக்கு ஜாவாடாக் என்று பெயர். எல்லா ஜாரும் ப்ராஜெக்டுக்குள்ளேயே லிப் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன.

தம்பி சேர்ந்த புதிதில் ஐந்தொகை அறிக்கையை எக்செல்லாக எழுதும் பகுதியை எடுத்துக்கொண்டான். ஒரு நாள் சாயங்காலம் போன்.

"அண்ணே, செல்லுக்கு ஸ்டைல் வைக்கிற மெத்தட் நாலஞ்சு காட்டுது. எது எதுக்குன்னு ஒண்ணுமே வரல. உங்க மெஷின்ல வருதா?"

"வருதுப்பா. நீ அந்த டாட் கிளாஸ்பாத் ஃபைலை நோட்பேட் மாதிரி ஏதாவதுல திற. ஜாவாடாக்னு தேடு."

"இருக்குண்ணே. ஜார், கோலன், ஃபைல், கோலன், சாய்கோடு, டி கோலன்... டவுன்லோட்ஸ்னு போகுது. என்கிட்ட டி டிரைவே இல்லையே?"

அவ்வளவுதான் விஷயம். முன்பு எங்களோடு இருந்த ஒருவர் சேர்த்த இணைப்பு அது. என் மெஷினில் மட்டும் ஏன் வந்தது என்றால், எனக்கும் டி டிரைவ் உண்டு, அவர் அனுப்பிய ஸிப்பை அவர் சொன்ன இடத்திலேயே விரித்திருந்தேன். அவர் செய்ததைக் குறை சொல்லவும் முடியாது. எக்லிப்ஸ் என்ற ஐடிஇயில் (கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஒரு ஜாருக்கு ஜாவாடாக் இடம் கேட்கும் பெட்டியில், பிரௌஸ் அழுத்தி டவுன்லோட் ஆன ஃபைலைக் காட்டினால் யாருக்குமே இந்த வரிதான் விழும்.

அந்த வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் நோய் எது மருந்து எது என்பது இரண்டும் அதிலேயே இருக்கிறது. டாட் கிளாஸ்பாத் என்பது எந்த லைப்ரரி எங்கே என்று எக்லிப்ஸ் எழுதி வைக்கும் சாதாரண எக்ஸ்எம்எல் ஃபைல். ஜாருக்கான பாதை அதில் லிப்/ என்று தொடங்கி ப்ராஜெக்டுக்கு உள்ளேயே நிற்கிறது, அதனால்தான் கோட் எல்லோருக்கும் ஓடுகிறது. அதே பதிவுக்கு உள்ளே, ஜாவாடாக் லொகேஷன் என்ற பண்பின் மதிப்பு மட்டும் இப்படி இருந்தது:

ஜார்:ஃபைல்:/டி:/டவுன்லோட்ஸ்/பிஓஐ-ஜாவாடாக்.ஜார்!/

ஒரே பதிவில் ஒன்று ரிலேட்டிவ் (நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி), இன்னொன்று அப்சல்யூட் (அந்தக் கணினியின் முழுப் பாதை). கடைசியில் இருக்கும் ஆச்சரியக்குறியும் சாய்கோடும் தட்டுப் பிழை இல்லை. இந்த ஜாரை விரிக்க வேண்டாம், உள்ளே நுழைந்து வேரிலிருந்து படி என்று அதற்கு அர்த்தம். சில லைப்ரரிகளில் ஆவணம் ஜாருக்குள் இன்னொரு ஃபோல்டரில் இருக்கும், அப்போது அந்த ஃபோல்டர் பெயரை ஆச்சரியக்குறிக்குப் பிறகு எழுத வேண்டும்.

சரி, இதை வெறும் லிப்/பிஓஐ-ஜாவாடாக்.ஜார் என்று மாற்றி எழுதினால் போதுமா? எக்லிப்ஸில் போதாது. ஜாருக்கான பாதை ஒரு பாதை, ஜாவாடாக்குக்கு அது கேட்பதோ ஒரு யூஆர்எல். அதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அதே பெட்டியில் வெளியில் உள்ள ஃபைல் என்பதற்குப் பதிலாக வொர்க்ஸ்பேஸ் ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இப்படி மாறிவிடும்:

ஜார்:பிளாட்ஃபார்ம்:/ரிசோர்ஸ்/புள்ளிக்கணக்கு/லிப்/பிஓஐ-ஜாவாடாக்.ஜார்!/

இதில் டிரைவ் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. புள்ளிக்கணக்கு என்பது எக்லிப்ஸுக்குள் ப்ராஜெக்டின் பெயர், அந்த ப்ராஜெக்ட் வட்டில் எங்கே இருந்தாலும் எக்லிப்ஸ் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தப் பாதை ப்ராஜெக்டின் பெயரை நம்பி நிற்கிறது. யாராவது புள்ளிக்கணக்கு-புதுசு என்று பெயரை மாற்றிக்கொண்டால் ஆவணம் மறுபடி காணாமல் போகும், மறுபடியும் ஒரு எச்சரிக்கையும் வராது. பெயரை வைத்திருக்கும் டாட் ப்ராஜெக்ட் ஃபைலையும் சேர்த்து கமிட் செய்யச் சொல்வது இதனால்தான்.

ரிலேட்டிவ் பாத் என்றால் ஏதோ நுணுக்கமான விஷயம் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் ஊர் வீடு தெரிந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. "வளவைத் தாண்டினா ரெண்டாங்கட்டு, அதுக்கு அடுத்தது அடுப்படி" என்று ஆச்சி சொன்னால் கானாடுகாத்தானிலும் சரி பள்ளத்தூரிலும் சரி போய்ச் சேர்ந்துவிடலாம், ஏனென்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்ற வரிசை பெரிய வீடுகளில் ஏறக்குறைய ஒன்றேதான். கதவு எண்ணோ தெருப் பெயரோ தேவையில்லை. ஆனால் அந்த வழி முகப்பில் நிற்பவருக்குச் சொன்னது. இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்வாசல் வழியாக நுழைந்தவர் அதே சொற்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அடுப்படி பின்னால் போய்விடும், அவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பார். ஆக, இரண்டு விஷயம் சரியாக இருந்தால்தான் ரிலேட்டிவ் பாத் வேலை செய்யும். ஃபோல்டர் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், எங்கே நின்றுகொண்டு வழி சொல்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதலாவதை கோடின் பதிப்புகளைச் சேமித்துப் பகிரும் கிட் பார்த்துக்கொள்ளும், க்ளோன் செய்த (நகல் எடுத்த) எல்லோருக்கும் அதே அமைப்பு வந்துவிடுகிறது. தகராறு எல்லாம் இரண்டாவதில்தான்.

ஏனென்றால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. சிங்கப்பூர் அண்ணன் இன்டெல்லிஜே என்ற வேறொரு ஐடிஇ வைத்திருக்கிறார். அது டாட் ஐடியா ஃபோல்டருக்குள் லைப்ரரிகளை எழுதும்போது, ப்ராஜெக்டுக்குள் இருக்கும் பாதைகளை டாலர் குறிகளுக்கு நடுவே ப்ராஜெக்ட் டிர் என்ற குறிச்சொல்லோடு தானாகவே எழுதிக்கொள்கிறது. அதுவே மாட்யூல் ஃபைலாக இருந்தால் மாட்யூல் டிர். இது நல்ல ஏற்பாடு, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் லைப்ரரியைச் சேர்க்கும்போது ப்ராஜெக்ட் லைப்ரரி என்பதற்குப் பதிலாக குளோபல் லைப்ரரி என்று சேர்த்துவிட்டால் அது ஐடிஇயின் சொந்த அமைப்பு ஃபோல்டருக்குப் போய்விடும், ரெப்போவுக்குள் (எல்லோரும் பகிரும் கிட் களஞ்சியத்துக்குள்) வராது. எக்லிப்ஸில் யூசர் லைப்ரரி என்று ஒன்று உண்டு, அதற்கும் இதே குணம்: ப்ராஜெக்டில் பெயர் மட்டும் இருக்கும், ஜார் எங்கே ஆவணம் எங்கே என்பதெல்லாம் அந்த மெஷினின் வொர்க்ஸ்பேஸில் இருக்கும். இந்த இரண்டையும் பலர் சேர்ந்து செய்யும் வேலையில் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒருவர் மட்டுமே நாலைந்து ப்ராஜெக்ட் வைத்திருந்தால் வசதிதான், குழுவுக்கு உதவாது.

இன்னொரு ஐடிஇயான நெட்பீன்ஸ் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது என்று சொல்வேன். ஒரு ஜாரைச் சேர்க்கும்போதே இதை ரிலேட்டிவ் ஆக வைக்கட்டுமா, லைப்ரரி ஃபோல்டருக்குள் நகல் எடுத்துக்கொள்ளட்டுமா, அப்சல்யூட் ஆக வைக்கட்டுமா என்று கேட்டுவிடுகிறது. கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் நிறையப் பேர் விழித்துக்கொள்கிறார்கள். ப்ராஜெக்டுக்கென்று தனியாக லைப்ரரி ஃபோல்டர் வைக்கச் சொன்னால் அதற்குள் ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைலை உருவாக்கி, ஜார், மூலநிரல், ஜாவாடாக் மூன்றையும் பேஸ் என்ற ஒரே புள்ளியிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளும். அந்த ஃபைலைக் கையால் திருத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஜாவா ப்ராப்பர்டீஸ் ஃபைலில் பின்சாய்கோடு என்பது பாதையைப் பிரிக்கும் குறி இல்லை, எஸ்கேப் குறி. அதற்கு அடுத்து ஆங்கில என் வந்தால் புது வரி, டி வந்தால் டேப். விண்டோஸ் பழக்கத்தில் பின்சாய்கோடு போட்டு எழுதிய பாதை பார்க்க ஒழுங்காகவே இருக்கும், உள்ளே உடைந்து கிடக்கும். முன்சாய்கோட்டை விண்டோஸும் ஜாவாவில் ஏற்றுக்கொள்கிறது. எங்கும் அதையே போட்டுவிடுவது உத்தமம்.

இதுவரை சொன்னது மவுஸை வைத்தால் வரும் விளக்கத்துக்கு. அடுத்தது இன்னும் சுவாரசியமானது. நாமே நம் கோடுக்கு ஜாவாடாக் உருவாக்கும்போது, அதில் வரும் பிஓஐ கிளாஸ் பெயர்கள் எல்லாம் பிஓஐயின் ஆவணத்துக்கு இணைப்பாக மாற வேண்டும். நம் மெத்தட் ஒன்று வொர்க்புக்கைத் திருப்பித் தருகிறது என்றால், வொர்க்புக் என்ற சொல்லைச் சொடுக்கினால் அதன் பக்கம் திறக்க வேண்டும். ஜாவாடாக் கருவியில் இதற்கு லிங்க் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதற்கு இணைய முகவரியும் தரலாம், ரிலேட்டிவ் பாதையும் தரலாம். ரிலேட்டிவ் என்றால் எங்கிருந்து? கட்டளையை ஓட்டும் ஃபோல்டரிலிருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. ஆவணம் போய் விழும் ஃபோல்டரிலிருந்து. வெளியீடு டாக்ஸ்/நமது என்ற ஃபோல்டரில், பிஓஐ ஆவணம் டாக்ஸ்/பிஓஐ என்ற ஃபோல்டரில் விரித்து வைக்கப்பட்டிருந்தால், கொடுக்க வேண்டியது ../பிஓஐ (இரண்டு புள்ளி என்றால் ஒரு படி மேலே). நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்தாலும் அதுவேதான்.

யோசித்துப் பார்த்தால் இது நியாயம்தான். அந்தப் பாதை கடைசியில் எச்டிஎம்எல் பக்கத்துக்குள் எழுதப்படப்போகிறது, படிப்பவர் நிற்கப்போவது அந்தப் பக்கத்தில். பேக்கேஜ் (கிளாஸ்களை அடுக்கி வைக்கும் ஃபோல்டர் மாதிரி) மூன்று அடுக்கு ஆழம் என்றால் கருவியே மூன்று ../ சேர்த்துக்கொள்கிறது, நாம் எண்ண வேண்டாம். இப்படி ரிலேட்டிவ் ஆகச் செய்துவிட்டால் டாக்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம், வேறு சர்வரில் ஏற்றலாம், ஒரு இணைப்பும் அறாது.

லிங்க் வேலை செய்ய, அந்த இடத்தில் அந்த லைப்ரரியின் பேக்கேஜ் பட்டியல் ஃபைல் இருக்க வேண்டும். பழைய ஜாவாவில் அதன் பெயர் பேக்கேஜ்-லிஸ்ட், பிறகு எலிமென்ட்-லிஸ்ட் ஆனது. எந்தெந்தப் பெயருக்கு இணைப்புப் போடலாம் என்று கருவி அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஆவணம் இருப்பது ஓரிடம், பட்டியலை நாம் வைத்திருப்பது இன்னோரிடம் என்றால் லிங்க்ஆஃப்லைன் என்ற ஆப்ஷன். இது இரண்டு முகவரி கேட்கும். முதலாவது பக்கங்களில் இணைப்பாக எழுதப்படுவது, ரிலேட்டிவ் என்றால் வெளியீட்டு ஃபோல்டரிலிருந்து கணக்கு. இரண்டாவது பட்டியல் ஃபைல் இருக்கும் இடம், ரிலேட்டிவ் என்றால் கட்டளையை ஓட்டும் ஃபோல்டரிலிருந்து கணக்கு. ஒரே ஆப்ஷன், ஒரே வரி, நிற்கும் இடம் மட்டும் இரண்டு! முதலில் பார்க்கும்போது குழப்பமாகத் தெரியும், ஆனால் முதலாவதைப் படிக்கப்போவது நாளைக்கு ஒரு பிரௌசர், இரண்டாவதைப் படிக்கப்போவது இப்போதே ஓடும் கருவி என்று பிரித்துப் பார்த்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது என்பது விளங்கும். பைத்தான்காரர்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியில் இன்டர்ஸ்ஃபிங்ஸ் பயன்படுத்தும்போதும் இதே கதைதான்: இணைப்புக்கான பாதை உருவான ஆவணத்தின் வேரிலிருந்து, பட்டியல் ஃபைலுக்கான பாதை மூல ஃபோல்டரிலிருந்து. சி++ பக்கம் டாக்ஸிஜனின் டேக்ஃபைலிலும் ஃபைல் ஒரு பக்கம், சமக்குறிக்கு அடுத்து ஆவணத்தின் இடம் ஒரு பக்கம் என்று இரண்டாகத்தான் எழுத வேண்டும்.

நம் கமென்ட்டுக்குள் கையால் எழுதும் இணைப்புகளுக்கு டாக்ரூட் என்ற குறிச்சொல் உண்டு. புள்ளி வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று நாங்கள் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம், கோயில் காரியக்காரர்களும் படிக்கிற மாதிரி. கணக்கிடும் ஒவ்வொரு கிளாஸின் கமென்ட்டிலும் அதற்கு இணைப்பு இருக்கிறது. ../../ என்று எண்ணி எழுதினால், நாளைக்கு அந்த கிளாஸை வேறு பேக்கேஜுக்கு நகர்த்தும்போது எண்ணிக்கை மாறிவிடும், அதைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் நினைவு வராது. டாக்ரூட் போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேர் எத்தனை படி மேலே என்பதைக் கருவியே எழுதிக்கொள்ளும். படங்கள் என்றால் பேக்கேஜ் ஃபோல்டருக்குள் டாக்-ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போடலாம், ஜாவாடாக் அதையும் சேர்த்தே வெளியீட்டுக்கு நகலெடுக்கும். ரசீதின் மாதிரிப் படம் எங்களிடம் அப்படித்தான் இருக்கிறது.

ரிலேட்டிவ் பாத்தை எப்படி விரிக்க வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. 1995-ல் ராய் ஃபீல்டிங் எழுதிய ஆர்எஃப்சி 1808 (ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் விதி ஆவணங்கள்), பிறகு 2005-ல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 3986. பின்னதின் ஐந்தாம் பகுதியை ஒரு தடவை உட்கார்ந்து படித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதில் அன்றாடம் அடிக்கிற ஒன்று, கடைசிச் சாய்கோடு. அடிப்படை முகவரி டாக்ஸ்/பிஓஐ என்று முடிந்தால், பிஓஐ என்பது ஒரு ஃபைல் என்று எடுத்துக்கொண்டு அதைக் கழற்றிவிட்டு டாக்ஸிலிருந்து கணக்கு தொடங்கும். டாக்ஸ்/பிஓஐ/ என்று முடிந்தால்தான் பிஓஐக்கு உள்ளே போகும். ஒரே ஒரு கோடு, இணைப்பு முழுக்க வேறு இடத்துக்குப் போய்விடும்.

அப்புறம் எழுத்து. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். நானும் சிங்கப்பூர் அண்ணனும் டாக்ஸ் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் எங்களுக்குத் திறக்கும், தம்பிக்குத் திறக்காது. ஏற்றிவைக்கும் சர்வரும் பெரும்பாலும் லினக்ஸ்தான், அங்கேயும் திறக்காது. எல்லா ஃபோல்டர் பெயரும் சின்ன எழுத்தில் மட்டும் என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது. பெயருக்கு நடுவே இடைவெளி விடுவதும் வேண்டாம், யூஆர்எல்லில் அது %20 ஆக மாறும், சில கருவிகள் மாற்றும், சில மாற்றாது.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஆசை உண்டு, வேலையும் செய்யும். ஆனால் யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், யூஆர்எல்லில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகளாக விரியும், ஆக அ என்ற ஓர் எழுத்து ஒன்பது குறிகளாக நீளும். கீ போன்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடு, எனவே பதினெட்டு. ஆவணத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழ் எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஃபோல்டர் பெயரை மட்டும் இப்போதைக்கு ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு. விண்டோஸில் பாதையின் மொத்த நீளத்துக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது, ஜாவாடாக்கின் ஆழமான ஃபோல்டர்கள் ஏற்கனவே அதை நெருங்குபவை.

ரீட்மீ ஃபைலிலும் இதே ஒழுங்கு வேண்டும். கிட்ஹப் 2013-லிருந்து ரிலேட்டிவ் இணைப்புகளைப் புரிந்துகொள்கிறது. முழு இணைய முகவரி போட்டால் அது எப்போதும் அதில் எழுதியிருக்கும் கிளைக்கே, பெரும்பாலும் மெயினுக்கே, போகும், நீங்கள் வேறு கிளையில் நின்று படித்துக்கொண்டிருந்தாலும் சரி. ரிலேட்டிவ் ஆக எழுதினால் எந்தக் கிளையில் படிக்கிறோமோ அந்தக் கிளையின் ஆவணமே திறக்கும், ஃபோர்க் செய்தவருக்கு அவருடைய பிரதியில் திறக்கும், க்ளோன் செய்தவருக்கு வட்டில் திறக்கும். சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பை கிட்ஹப் ரெப்போவின் வேரிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதை நம்பி எழுதிவிட்டு அதே பக்கங்களை கிட்ஹப் பேஜஸில் போட்டால் உடையும், அங்கே ப்ராஜெக்டின் தளம் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிறது, சாய்கோடோ அதற்கும் மேலே இருக்கும் தளத்தின் வேருக்குப் போய்விடும். அதனால் சாய்கோட்டில் தொடங்கவே வேண்டாம், ../ மட்டும்.

இவ்வளவு எதற்கு, எல்லா ஆவணமும் இணையத்தில் கிடக்கிறதே, முகவரியைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று சிங்கப்பூர் அண்ணனே கேட்டார். சரியான கேள்விதான். இரண்டு காரணத்துக்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது புதிய பதிப்பின் ஆவணம், நம் லிப் ஃபோல்டரில் இருப்பதோ பழையது. அங்கே விளக்கப்பட்டிருக்கும் மெத்தட் நம் ஜாரில் இல்லாமலே இருக்கலாம், நம்மிடம் இருப்பது அங்கே நீக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது, தம்பி வேலை செய்வது செல்போன் ஹாட்ஸ்பாட்டில். சிக்னல் இல்லாத நேரத்தில் கோட் எழுத முடிகிறது, கமிட் செய்ய முடிகிறது, ஆவணம் மட்டும் பார்க்க முடியாது என்றால் அது என்ன நியாயம்? ஜேடிகேயின், அதாவது ஜாவாவின் சொந்த ஆவணத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறோம். அது பெரியது, அவரவர் நிறுவிய ஜாவாவோடு அதன் மூலநிரலும் வந்துவிடுகிறது, ஐடிஇ அதிலிருந்தே விளக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

லைப்ரரிகளைத் தானே இறக்கிக்கொள்ளும் மேவன் என்ற பில்ட் கருவி ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. மேவனோ கிரேடிலோ வைத்திருப்பவர்களுக்குப் பாதை பற்றிய இந்தத் தலைவலியில் பாதி இல்லை, ஜாவாடாக் என்ற வகைக்குறியோடு ஆவண ஜாரை அதுவே அதே பதிப்பில் இறக்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் அதைத்தான் சொல்வேன். எங்களுடையது பல வருடம் முன்பு எறும்பு படம் போட்ட ஆன்ட்டில் தொடங்கிய பில்ட், கோயில் அலுவலகத்தில் நெட் இல்லாத ஒரு கணினியிலும் அது ஓட வேண்டும். இப்படி லிப் ஃபோல்டரோடு வாழும் ப்ராஜெக்டுகள் கல்லூரிகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இன்றைக்கும் நிறைய இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ரெப்போ பெருத்துவிடும் என்ற கவலை நியாயமானது. கிட் ஒவ்வொரு பதிப்பையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும். அதனால் ஆவண ஜாரை விரித்து ஆயிரக்கணக்கான எச்டிஎம்எல் ஃபைலாக கமிட் செய்யாதீர்கள், ஜாராகவே வையுங்கள், ஐடிஇக்கு அது போதும். பிரௌசரில் பார்க்கவும் லிங்க் ஆப்ஷனுக்கும் விரித்த ஃபோல்டர் வேண்டும் என்றால், அதை பில்ட் ஸ்கிரிப்டே விரித்துக்கொள்ளட்டும், கிட் இக்னோரில் அந்த ஃபோல்டரைப் போட்டுவிடலாம்.

பழைய பாதை மறுபடி உள்ளே வராமல் இருக்க நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. கமிட்டுக்கு முன் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், ப்ராஜெக்ட் ஃபைல்களில் டிரைவ் எழுத்தோடு கோலனும் சாய்கோடும், /ஹோம்/, /யூசர்ஸ்/ இவற்றில் ஏதாவது தென்பட்டால் நிறுத்திவிடும். கம்பைலர் கத்தாத இடத்தில் கத்துவதற்கு அது ஒன்றாவது இருக்கிறது. லைப்ரரி எதையாவது மாற்றும்போது ரெப்போவை இதுவரை இல்லாத ஒரு ஃபோல்டரில் புதிதாக க்ளோன் செய்து, புது வொர்க்ஸ்பேஸில் திறந்து, லைப்ரரிக்கு ஒரு மெத்தட் மேல் மவுஸை வைத்துப் பார்ப்போம். நம் பழைய ஃபோல்டரிலேயே சோதித்தால் எதுவும் தெரியாது.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது. ஜார் பெயரில் பதிப்பு எண்ணை வைப்பதா, எடுப்பதா? எடுத்துவிட்டால் மேம்படுத்தும்போது பாதைகளைத் தொட வேண்டியதில்லை, பழைய ஃபைல் மேல் புதியதைப் போட்டால் முடிந்தது. சிங்கப்பூர் அண்ணன் கட்சி அது. நான் எண் இருக்க வேண்டும் என்கிறேன். ஜாரை மாற்றிவிட்டு ஆவண ஜாரை மாற்ற மறந்தால், எண் இருந்தால் கண்ணில் படும், இல்லாவிட்டால் பழைய பதிப்பின் விளக்கத்தைப் புதியது என்று நம்பிப் படித்துக்கொண்டிருப்போம், அது ஆவணமே வராததைவிட மோசம். தம்பி இப்போது ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறான், லிப் ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஜாருக்கும் அதே எண்ணுள்ள ஆவண ஜார் பக்கத்திலேயே இருக்கிறதா என்று சரிபார்க்க. அது முடிந்ததும் இந்தப் பதிவின் கீழேயே போடுகிறேன்.